எட்டுக் குளிசை

என் மனுசன் என்னை முதன்முதலாக அடித்தபோது அவருக்கு அறுபத்தேழு வயது. எனக்கு அறுபத்துமூன்று. கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருடம். அடி வாங்கிப் பழகுகிற வயதா அது?

தேத்தண்ணிக்குச் சீனி போடவில்லை, அவ்வளவுதான் காரியம். ஈரல் வருத்தத்துக்கு மருந்துக் குளிசை தொடங்கிய பிறகு அவருடைய இரத்தத்தில் சீனி ஏறியிருந்தது. குறைக்கச் சொல்லிக் கிளினிக்கில் சொன்னார்கள், நான் குறைத்தேன். ஒரு மிடறு குடித்தார். கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த நொடி கொதிக்கிற தேத்தண்ணி என் கழுத்தில், கோப்பை என் நெற்றியில். நான் நிமிர முதல் கன்னத்தில் ஓர் அறை. குசினி நிலத்தில் இருந்தபடி நோவைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இது ஆர் என்றுதான் யோசித்தேன்.

ஏனென்றால் தவராசாவை லிங்கநகர் முழுக்கத் தெரியும். இருபத்தெட்டு வருடம் திருகோணமலைக்கும் மூதூருக்கும் சனம் ஏற்றுகிற லோஞ்ச் படகு ஓட்டியவர். மார்கழிக் கடலில் லோஞ்ச் சரிந்து சனம் குளறும்போதும், "பயப்படாதேங்கோ, கரை கிட்டத்தான்" என்று சொல்வார். அதைவிட உரத்த குரல் அவரிடம் இருந்ததில்லை. நான் கிளிவெட்டி வயல்காரி, வாய் நீளம். எங்கள் வீட்டில் அடி விழுகிறதென்றால் ஆருடைய கையால் என்று ஊரைக் கேட்டிருந்தால், ஒரு குஞ்சுகுருமான் மிச்சமில்லாமல் என்னைத்தான் காட்டியிருக்கும். நான் கத்துவேன், அவர் "சரி கனகம், நீர் சொன்னாச் சரி" என்று போவார். பெஞ்சாதியை மரியாதையாக 'நீர்' போட்டுக் கூப்பிடுகிற மனுசன்.

பங்குனி மாதத்தில் ஒருநாள் அவருடைய கண் மஞ்சளாகிவிட்டது. சனத்துக்குச் சொல்லவா வேணும்? லோஞ்ச்காரன், கட்டாயம் குடிதான் என்றார்கள். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் அதைச் சொன்னபோது நான் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசினேன். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் கலந்து மூன்று கிழமை கொடுத்தேன். மஞ்சள் போகவில்லை, வயிறு ஊதியது, கால் வீங்கியது. பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"ஐயா குடிக்கிறவரோ?" என்று லேடி டொக்டர் கேட்டார்.

"டொக்டர், இந்த மனுசன் இருமல் மருந்துக்கே மயங்கி விழுறவர்" என்றேன்.

இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஊசியால் ஈரலில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். எல்லாம் வந்த பிறகு டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருத்தி விளங்கப்படுத்தினார்.

"உடம்பைக் காவல் காக்க எல்லாருக்குள்ளயும் ஒரு படை இருக்கு, அம்மா. ஐயாவுக்கு அந்தப் படை தன்ர ஈரலையே எதிரி எண்டு நினைச்சு அடிக்குது. ஏன் எண்டு எங்களுக்கும் சரியாத் தெரியாது. வயசான ஆக்களுக்குச் சத்தமில்லாம வரும். நாங்கள் கண்டுபிடிக்கேக்குள்ள ஈரலில பாதி தழும்பாயிருக்கும்."

காவலுக்கு வந்த படை வீட்டுக்காரனையே அடிக்கும் என்பதைத் திருகோணமலைக்காரிக்கு ஆரும் படம் கீறிக் காட்டத் தேவையில்லை. தலையை ஆட்டினேன்.

சின்ன வெள்ளைக் குளிசை, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு. "இது அந்தப் படையை அடக்கும். கண்ணில மஞ்சள் போனாலும், ஆள் சுகமாயிட்டார் எண்டு நினைச்சாலும், நான் சொல்லுமட்டும் நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினா ஆள் தப்பமாட்டார். நித்திரை, கோபம், நடத்தை, ஏதும் மாறினா உடன என்னட்டச் சொல்லுங்கோ. விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது.

குளிசை வேலை செய்தது, அதில் பொய் இல்லை. ஒரு மாதத்துக்குள் கண் வெளுத்தது. வயிறு வற்றியது. சோற்றுக் கோப்பையை வழித்து நக்குகிற அளவுக்குப் பசி வந்தது. கன்னம் இரண்டும் உப்பி முகம் இடியப்பத் தட்டு மாதிரி வட்டமாகிவிட்டது. நித்திரை மட்டும் போய்விட்டது. விடிய முதலே எழும்பி அலுமாரியைக் கவிழ்த்து அடுக்குவார், பிறகு அடுக்கியதைக் கவிழ்ப்பார். அதற்குப் பிறகுதான் அந்தச் சீனியில்லாத தேத்தண்ணி.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். எங்களுடைய வீடு இரண்டு அறையும் ஒரு குசினியும்தான். இவர் மிரண்டால் எங்கே கொள்ளும்? நான் நட்டு வளர்த்த முருங்கையை, இலை முற்றத்தில் விழுகிறது என்று கத்தியால் கொத்திச் சாய்த்தார். தெருவில் ஓட்டோ ஓடுகிற சஞ்சீவன், "ஐயா, முகம் நல்லா ஊதிட்டுது, சாப்பாடு பலம் போல" என்று பகிடி விட்டான், பாவம். குடைப்பிடியால் வாயில் ஓர் அடி விழுந்தது. மேலுதடு கிழிந்து சேட் முழுக்க இரத்தம். அவன் திருப்பி அடிக்கவில்லை. சின்ன வயதில் இவருடைய லோஞ்சில் மூதூருக்குப் போய்வந்து படித்தவன்.

என் கணக்கு வேறு. அகப்பைக் காம்பு முறிந்தது என் முழங்கையில். அலுமாரிக் கதவுக்குள் என் விரல்களை வைத்து அடித்துச் சாத்தினார், இரண்டு நகம் கறுத்து விழுந்தது. தலைமயிரைச் சுற்றிப் பிடித்துச் சுவரோடு மோதினார், ஒரு நாள் முழுக்கக் காதுக்குள் லோஞ்ச் இஞ்சின் ஓடியது. "நாயே" என்றார், "உன்னைக் கொன்றுபோட்டுத்தான் மற்ற வேலை" என்றார். நாற்பத்தொரு வருடத்து 'நீர்' ஒரு மாதத்தில் செத்துப்போனது.

மகள் நிரோஜினி நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை, ஞாயிறு மட்டும் வருவாள். அவளுக்கு முன்னால் தகப்பன் தங்கக்கட்டி. என் நெற்றியைக் கண்டு கேட்டாள். குசினியில் வழுக்கினேன் என்றேன். பிறகொருநாள் போனில் அவர் கத்துவது அவளுக்குக் கேட்டுவிட்டது. "அம்மா, அப்பா வருத்தக்காரன். உங்கட வாயைக் கொஞ்சம் அடக்குங்கோவன்" என்றாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பெரிய கதை சொல்வார்கள். என் வாய் அன்றைக்கு மூடியது. நான் பெற்ற பிள்ளையே என்னைத்தான் குற்றக்காரி என்று நினைத்தால், மற்றவனுக்கு என்னத்தைச் சொல்ல?

இரண்டாம் முறை கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கொப்பியைப் புரட்டிக்கொண்டு கேட்டார். "வேற ஏதும் மாற்றம்?" என் மனுசன் பக்கத்துக் கதிரையில் பூனைக்குட்டி மாதிரி இருந்தார். அவருடைய வலது கை முழங்காலில் கிடந்தது. நான் அந்தக் கையையே பார்த்தேன்.

"ஒண்டுமில்லை, டொக்டர். நல்லாத்தான் இருக்கிறார்."

வெட்கம். வேறு என்ன? அடிவாங்கி என்று பெயரெடுக்க இந்தக் கனகம்மாவால் ஏலாது. "இரத்தம் இன்னும் முழுசாச் சரிவரேல்லை, எட்டே தொடரட்டும். அடுத்த மாசம் குறைப்பம்" என்று டொக்டர் எழுதினார்.

வெளி வாங்கில், கிளினிக்கில் கண்டு பழகிய கிண்ணியாக்காரி பரீதா இருந்தாள். அவளுக்கும் இதே வருத்தம்தான், போன வருடம் தொடங்கியது. என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, இது விழுந்த காயமில்லையே. கோவிக்காதீங்க, இந்தக் குளிசை குடிக்கக்குள்ள எனக்கும்..." என்று தொடங்கினாள்.

"உன்ர குடும்பத்தைப் பார்" என்று கையை இழுத்துக்கொண்டு எழும்பினேன். என் கோபத்தால் நான் இழந்த சாமான்களில் ஆகப் பெரியது அவளுடைய அந்தப் பாதி வசனம்.

குளிசைதான் காரணம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. குளிசைக்கு முதல் இருந்த மனுசனையும் பிறகு இருந்த மனுசனையும் ஒரே பாயில் கண்டவள் நான்.

பிறகு அந்தத் துவாய். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். வாளிக்கயிறு கை நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது. பின்னாலிருந்து ஈரத் துவாய் என் கழுத்தைச் சுற்றியது. இறுகியது. அவருடைய முழங்கால் என் முதுகில். நான் காலை உதைத்தேன், சவர்க்காரப் பெட்டி தட்டுப்பட்டது, வானம் முதலில் வெள்ளையாகவும் பிறகு கறுப்பாகவும் மாறியது. மகளுக்குச் சொல்லாமல் போகிறேனே என்று ஒரு நினைப்பு. பிறகு துவாய் தளர்ந்தது. இருமி இருமி நான் கண்ணைத் திறந்தபோது அவர் எனக்கு முன்னால் குந்தியிருந்தார்.

"என்ன கனகம், நிலத்தில இருக்கிறீர்? தலை சுத்தினதோ?" என்று கேட்டார்.

அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் நான் நடுங்கினேன்.

எங்கள் ஊரில் நாட்டு மருந்துக்கு ஒரு முறை உண்டு. மஞ்சட்காமாலைக்கு மருந்து குடித்துக் கண் வெளுத்து, நாற்பத்தெட்டு நாளும் கழிந்தால் மருந்தை முறிக்க வேண்டும். தலையில் தேசிக்காய் தேய்த்து முழுக வார்த்து, பத்தியத்தை விட்டு மீன்குழம்போடு சோறு போடுவார்கள். அதோடு மருந்து சரி. முறித்த பிறகும் குடித்தால் மருந்தே நஞ்சு. கிளிவெட்டியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. நான் விரல் மடித்துப் பார்த்தேன். குளிசை தொடங்கி எழுபது நாள். அப்போ இது நஞ்சாகித்தானே இருக்கும், அதுதானே என் மனுசனை மாற்றிவிட்டது?

ஆஸ்பத்திரிக் குளிசைக்கு முறிவு கிடையாது என்று தெரியாத மடைச்சியா நான்? டொக்டர் சொன்னது காதுக்குள்ளேயே இருந்தது. ஆனால் உயிருக்குப் பயந்தவளுக்குச் சாட்டுக்கு ஒரு நியாயம் வேண்டும். எனக்கு அது பிறந்த ஊரிலேயே கிடைத்தது.

வெள்ளிக்கிழமை அவரைக் கிணற்றடியில் இருத்தி, தேசிக்காய் தேய்த்துப் பதினொரு வாளி வார்த்தேன். பாரைமீன் குழம்பு வைத்தேன். அடுத்த நாள் காலை பாமசியில் வாங்கிய சத்துக் குளிசையில் எட்டை அவருடைய உள்ளங்கையில் வைத்தேன். அதே வெள்ளை, அதே அளவு. அவர் ஒரு நொடி வாய்க்குள் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். தண்ணியைக் குடித்தார்.

பத்து நாளில் என் மனுசன் திரும்பி வந்தார். களைப்புத்தான், எழும்பி நிற்கவே கால் நடுங்கியது. ஆனால் கை தாழ்ந்துவிட்டது. குரல் தாழ்ந்துவிட்டது. என் முழங்கைக்கு நல்லெண்ணெய் பூசினார். "உமக்கு நான் ஏதும் செய்தனானோ, கனகம்?" என்று கேட்டார். "நீங்களோ? என்னையோ? விசர்க் கதை கதையாதேங்கோ" என்றேன். ஒரு பின்னேரம் சஞ்சீவனின் ஓட்டோவை மறித்து அவனிடம் மன்னிப்புக் கேட்டார். அவன் வெட்கப்பட்டு எங்களைக் கடற்கரையில் கொண்டுபோய் விட்டான். ஒரு பை கடலை வாங்கினோம். ஊருக்குள் திரிகிற மான் ஒன்று வந்து பையை இழுத்தது, அவர் அதன் காதைச் சொறிந்தபடி பையையே கொடுத்துவிட்டார். நான் சந்தோசமாக இருந்தேன். எத்தனை பெரிய பாவத்துக்கு மேல் ஏறி இருந்துகொண்டு சந்தோசப்பட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

பத்தொன்பதாம் நாள் முற்றத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணின் ஓரத்தில் மஞ்சள்.

வெயில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாள் மூத்திரம் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனது. தண்ணி குடிக்கிறது காணாது என்றேன். பிறகு சொறி, பிறகு சாப்பாட்டைக் கண்டாலே ஓங்காளம். ஆறு நாள். உண்மையான குளிசை அலுமாரித் தட்டில்தான் இருந்தது, எட்டிப் பிடிக்கிற தூரத்தில். போத்தலைக் கையில் எடுப்பேன், கழுத்தில் துவாய் இறுகும், திரும்ப வைப்பேன். அந்த ஆறு நாளுக்கு எனக்கு மன்னிப்புக் கிடையாது. ஆரும் தந்தாலும் வாங்கமாட்டேன்.

ஏழாம் நாள் கிணற்றடியில் விழுந்தார். சஞ்சீவன்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். அவனுடைய உதட்டுத் தழும்பு கண்ணாடியில் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர் இரத்தச் சோதனைத் தாளைப் பார்த்தார், என் மனுசனின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. "குளிசையை நிப்பாட்டினதோ?"

நான் வாயைத் திறந்தேன். முந்திக்கொண்டு என் மனுசன் பேசினார். "நான்தான், டொக்டர். இவ ஒவ்வொரு நாளும் தந்தவ. நான் இவவுக்குத் தெரியாமத் துப்பிப்போட்டனான்."

டொக்டர் அவரை ஏசிவிட்டுப் போனார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"முதல் நாளே தெரியும், கனகம்" என்றார். மூச்சு வாங்கியது. "அந்தக் குளிசை நாக்கில பட்டாலே கைக்கும். நீர் தந்தது இனிச்சது."

"தெரிஞ்சுகொண்டோ விழுங்கினீங்கள்?"

"உம்மட கழுத்தில துவாய்த் தடம் கிடந்தது. அதைப் போடுறதுக்கு வீட்டில வேற ஆள் இல்லையே."

வராந்தாவில் ஓடிப்போய் டொக்டரை மறித்தேன். சட்டைக் கழுத்தை இழுத்துத் துவாய் இறுகிய இடத்தைக் காட்டினேன், விழுந்த நகத்தைக் காட்டினேன், நான் குளிசையை மாற்றியதைச் சொன்னேன். ஆக்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டொக்டர் கோபிக்கவில்லை. அதுதான் கூடுதலாக நொந்தது. "அம்மா, அது குளிசையின்ர வேலை. சில ஆக்களுக்கு அப்பிடி மூளையைப் பிரட்டும். கிளினிக்கில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இதை மெல்ல மெல்லக் குறைச்சு, வேற ஒரு குளிசை சேர்த்திருப்பன்." வாங்கில் பரீதா சொல்ல வந்த மிச்ச வசனம் இதுதான். ஒரு வார்த்தை. ஊரில் ஆருடைய ஏழு தலைமுறைக்கும் வார்த்தை வைத்திருந்த எனக்கு அந்த ஒன்று வரவில்லை.

"இப்ப?"

"திரும்ப எட்டில இருந்துதான் தொடங்க வேணும். மற்றக் குளிசையையும் சேர்ப்பம், மனசை அமர்த்தவும் ஒண்டு தருவம். கோபம் திரும்பி வந்தாலும் வரும். இந்த முறை ஒளிக்காதேங்கோ."

"தப்புவாரோ, டொக்டர்?"

"குளிசை உள்ள போனா வழி இருக்கு. போகாட்டி இல்லை."

நேர்ஸ் மிஸ்ஸி சின்னக் கிண்ணத்தில் எட்டுக் குளிசை கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். நான் எடுத்து நீட்டினேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"வேண்டாம், கனகம்."

"வாயைத் திறவுங்கோ."

"உம்மை அடிச்சு அடிச்சு நான் இருக்கத் தேவையில்லை. எனக்கு வாழ்ந்தது காணும். விடும்." அவ்வளவு சொல்லிப் பல்லைக் கடித்துக்கொண்டார். கரை கிட்டத்தான் என்று சொல்கிற அதே குரல்.

நாற்பத்தொரு வருடத்தில் நான் அந்த மனுசனில் கை வைத்ததில்லை. வாய் மட்டும்தான். அன்றைக்கு அடித்தேன். வட்டமாக ஊதிய அந்தக் கன்னத்தில், ஐந்து விரலும் பதிய. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மூக்கைப் பொத்தினேன். மூச்சுக்கு வாய் திறந்தபோது எட்டையும் உள்ளே தள்ளினேன். துப்பப் பார்த்தார், விரலை நாக்குக்கு மேல் அழுத்தினேன். கடித்தார். பல் எலும்புவரை இறங்கியது, என் இரத்தம் அவருடைய நாடியில் வழிந்தது. தலையை உலுப்பினார், என் மார்பில் முழங்கையால் குத்தினார். கட்டில் சுவரோடு இடித்தது. நான் விரலை இழுத்து, தண்ணியை ஊற்றி, உள்ளங்கையால் வாயைப் பொத்தி அவர்மேல் ஏறிப் படுத்தேன்.

"கேளுங்கோ" என்றேன். "இனி நீங்கள் கை ஓங்கினா நான் கத்துவன். நிலாவெளி வரைக்கும் கேக்கும். மகளுக்குச் சொல்லுவன், டொக்டருக்குச் சொல்லுவன், சஞ்சீவனைக் கூப்பிட்டுக் கதிரையில கட்டிவைப்பன். ஒளிக்கமாட்டன். ஆனா என்னை விட்டுட்டுப் போக விடமாட்டன். விழுங்குங்கோ."

"அம்மா! என்ன செய்யிறீங்கள்? ஐயாவை விடுங்கோ!" என்று மிஸ்ஸி ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். வாட்டில் எல்லாரும் எழும்பி நின்றார்கள்.

அவருடைய மஞ்சள் கண் இரண்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன, தண்ணி முட்டி. கைப்பு இறங்கியிருக்கும். தொண்டைக் குழி ஒருதரம் ஏறி இறங்குமட்டும் நான் கையை எடுக்கவில்லை.